சிஃப்ளாக்ஸ் யாருக்குச் சொந்தம்?

2038 ஜனவரி 19, இந்திய நேரம் காலை 8 மணி 44 நிமிடம் 7 நொடி. 1970-இன் தொடக்கத்திலிருந்து நொடிகளை எண்ணியே தேதி சொல்லும் யூனிக்ஸ் வழிக் கணினிகளில், அந்த எண்ணை 32 பிட்டுக்குள் வைத்திருப்பவற்றுக்கு அத்தோடு இடம் தீர்ந்துவிடுகிறது. அடுத்த நொடி எண் எதிர்க்குறி வாங்கிக்கொள்ள, நாட்காட்டி 1901 டிசம்பருக்குப் பாய்ந்துவிடும். இதை முன்கூட்டியே சரிசெய்ய, டெபியன் லினக்ஸ் திட்டத்தினர் 2024-இல் தங்கள் 32 பிட் ஆர்ம் பதிப்பில் நேரத்தைக் குறிக்கும் தரவு வகையை 64 பிட்டாக அகலப்படுத்தும் வேலையில் இறங்கினார்கள். ஒவ்வொரு மென்பொருளின் மூலநிரலையும் திறந்து திருத்திக்கொண்டிருந்தால் 2038 வந்துபோயிருக்கும். அவர்கள் பிடித்த வழி வேறு. மென்பொருள்களைக் கட்டும் நேரத்தில் சிபிபிஃப்ளாக்ஸ் என்ற மாறிக்குள் ஓரிரு சொற்களைச் சேர்த்துவிட்டார்கள். அந்த மாறியை மதிக்கும் பில்ட் ஸ்கிரிப்ட் உள்ள மென்பொருள் புதிய அளவுக்கு மாறிவிடும். மதிக்காத ஸ்கிரிப்ட், பிழைச் செய்தி எதுவும் காட்டாமல், பழைய அளவிலேயே கட்டி முடித்துவிடும். பச்சை எழுத்தில் ‘வெற்றி’ என்றும் காட்டும்.

சி மொழியில் நிரல் எழுதும் எவரும் இந்த மாறிகளைப் பார்க்காமல் இருந்திருக்க முடியாது. சிஃப்ளாக்ஸ், சிபிபிஃப்ளாக்ஸ், சிஎக்ஸ்எக்ஸ்ஃப்ளாக்ஸ், எல்டிஃப்ளாக்ஸ், எல்டிலிப்ஸ். மேக்ஃபைலின் தலைமாட்டில் வரிசையாக உட்கார்ந்திருக்கும். பார்க்காதவர் இல்லை என்றாலும் பிரித்துப் படித்தவர் குறைவு. கல்லூரி ஆய்வகத்திலும் சரி, அலுவலகத்திலும் சரி, வழக்கமாக நடப்பது இதுதான்: கம்பைலர் ஏதோ ஒரு தலைப்புக் கோப்பு கிடைக்கவில்லை என்று முரண்டு பிடிக்கிறது, கைக்கு எட்டிய மாறியில் ஒரு ஃப்ளாக்கைச் சேர்க்கிறோம், கட்டி முடிகிறது, மறந்துவிடுகிறோம். எங்கே போட்டாலும் ஓடுகிறதே, பிறகு எதற்கு ஐந்து பெயர் என்ற கேள்வி நியாயமாகவே எழும். ஒவ்வொரு பெயரும் இரண்டு கேள்விகளுக்கு விடை சொல்வதற்காக இருக்கிறது என்பதே என் வாதம். இந்த ஃப்ளாக் எந்தக் கட்டத்துக்குப் போக வேண்டும் என்பது முதல் கேள்வி. இதை மாற்றும் உரிமை யாருக்கு என்பது இரண்டாவது. பாடப்புத்தகங்கள் முதல் கேள்வியோடு நின்றுவிடுகின்றன. சத்தமில்லாத சேதங்களில் பெரும்பகுதி இரண்டாவதிலிருந்து வருகிறது.

முதல் கேள்வியை முதலில் பார்த்துவிடுவோம். ஜிசிசி என்று ஒரு கட்டளை தட்டினால் ஒரே நிரல் ஓடுவதுபோலத் தெரிகிறது. உண்மையில் ஜிசிசி ஒரு மேஸ்திரி. வேலையைச் செய்பவர்கள் அதன் பின்னால் வரிசையில் நிற்கிறார்கள். முதலில் பிரிபிராசசர். இது சி மொழியின் இலக்கணம் அறியாதது. எழுத்துகளை வெட்டி ஒட்டுவது மட்டுமே அதன் தொழில். ‘இன்க்லூட்’ என்று கண்ட இடத்தில் அந்தத் தலைப்புக் கோப்பு முழுவதையும் கொண்டுவந்து இறக்கும். மேக்ரோ பெயரைக் கண்டால் அதன் பொருளை எழுதும். ‘இஃப்டெஃப்’ கண்டால் ஒரு பகுதியை வைத்துக்கொண்டு மற்றதைக் கிழித்துப் போடும். வணக்கம் சொல்லும் ஐந்து வரி நிரலைப் பெரிய எழுத்து ‘-இ’ ஃப்ளாக் கொடுத்து இந்தக் கட்டத்தோடு நிறுத்திப் பார்த்தால், திரையில் நூற்றுக்கணக்கான வரிகள் ஓடும். நாம் எழுதிய ஐந்தும் வால்நுனியில் ஒட்டிக்கொண்டிருக்கும். கம்பைலர் படிப்பது அந்த நீண்ட உரையைத்தான், நாம் எழுதியதை அல்ல. அதை அது அசெம்பிளியாக்கும். அசெம்பிளர் அதை ஆப்ஜெக்ட் கோப்பாக்கும். கடைசியில் லிங்கர் ஆப்ஜெக்ட் கோப்புகளையும் லைப்ரரிகளையும் கோத்து ஓடக்கூடிய நிரலாகத் தரும்.

பிரிபிராசசர் தனிக் கட்டமாக நிற்பதற்கு வரலாற்றுக் காரணம் உண்டு. டென்னிஸ் ரிச்சி சி மொழியை உருவாக்கிய தொடக்க நாள்களில் அது கிடையாது. 1972-73 வாக்கில், ஆலன் ஸ்னைடரின் தூண்டுதலும் ஒரு காரணமாக, வேண்டுபவர் பயன்படுத்தலாம் என்ற அளவில் ஒட்டுச் சேர்ப்பாக வந்தது. அப்போது அதற்குத் தெரிந்தது கோப்பைச் சேர்ப்பதும் எளிய பெயர்மாற்றமும் மட்டுமே. பிறகு மைக் லெஸ்க்கும், அவரை அடுத்து ஜான் ரைசரும் விரித்ததில்தான் அளபுருக்கள் வாங்கும் மேக்ரோக்களும் நிபந்தனைப்படி தொகுப்பதும் வந்தன. ‘சி பிரிபிராசசர்’ என்பதன் சுருக்கமே சிபிபி. பின்னாளில் சி பிளஸ் பிளஸ் மொழி பிறந்து, அதன் கோப்புகளுக்கும் பலர் ‘சிபிபி’ என்றே வால்பெயர் வைத்துவிட்டதால் குழப்பம் நிலைத்துவிட்டது. சிபிபிஃப்ளாக்ஸ் என்றால் சி பிளஸ் பிளஸுக்கானது என்று எண்ணி, மொழிப் பதிப்பைத் தேர்ந்தெடுக்கும் ஃப்ளாக்கை அதில் போடுபவர்களை இன்றும் பார்க்கலாம். அது சிஎக்ஸ்எக்ஸ்ஃப்ளாக்ஸின் வேலை. கூட்டல் குறியைச் சற்றுச் சாய்த்தால் எக்ஸ் என்பதால் வந்த பெயர் அது. சிபிபிஃப்ளாக்ஸோ சி கோப்புக்கும் போகும், சி பிளஸ் பிளஸ் கோப்புக்கும் போகும். இரண்டு மொழிக்கும் பிரிபிராசசர் பொது. இந்த ஒரு செய்தியை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

இந்தக் கட்டங்களை மாறிகளோடு முடிச்சுப் போட்டது மேக். பெல் ஆய்வகத்தில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மேன் 1976-இல் எழுதிய கருவி. விதி வரிகளின் தொடக்கத்தில் டேப் எழுத்து இருந்தே ஆகவேண்டும் என்ற அதன் அழிச்சாட்டியத்தை இன்றுவரை அனுபவிக்கிறோம். டஜன் பேர் பயன்படுத்தத் தொடங்கிவிட்டார்கள், அவர்களைத் தொந்தரவு செய்ய வேண்டாம் என்று விட்டுவிட்டதாக அவரே பின்னாளில் சொன்னார். மேக்குக்குச் சில விதிகள் பிறவியிலேயே தெரியும். மேக்ஃபைலே இல்லாத அடைவில் சி கோப்பு ஒன்று இருந்து, வால்பெயரை விட்டு அதன் பெயரை மட்டும் மேக்கிடம் சொன்னாலும் கட்டித் தரும். அந்த உள்விதியை நெருங்கிப் பார்த்தால் மாறிகளின் பொருள் தானாகவே தெளியும். ஆப்ஜெக்ட் கோப்பு உண்டாக்கும்போது சிபிபிஃப்ளாக்ஸும் சிஃப்ளாக்ஸும் வரும். தலைப்புக் கோப்புகளைத் தேடும் இடம், மேக்ரோ வரையறை ஆகியவை முன்னதில். வேகமாக்கம், எச்சரிக்கைகள், பிழைதேடும் தகவல் ஆகியவை பின்னதில். இணைக்கும்போது ஆப்ஜெக்ட் கோப்புகளுக்கு முன்னால் எல்டிஃப்ளாக்ஸ், பின்னால் எல்டிலிப்ஸ். லிங்கரின் மாறி ஏன் இரண்டாகப் பிரிந்து முன்னும் பின்னும் நிற்கிறது?

வர்க்கமூலம் கணக்கிடும் ஒரு சிறு நிரலை எடுத்துக்கொள்வோம். கணித லைப்ரரியை இணைக்கச் சின்ன எல்லோடு எம் சேர்த்த ‘-எல்எம்’ வேண்டும். அதைத் தூக்கி எல்டிஃப்ளாக்ஸில் போட்டால் கட்டளையில் அது ஆப்ஜெக்ட் கோப்புக்கு முன்னால் வந்து நிற்கும். லிங்கர் இடமிருந்து வலமாக நடப்பது. கணித லைப்ரரியைக் கடக்கும்போது இதுவரை யாரும் எதையும் கேட்கவில்லையே என்று கைவீசிப் போய்விடும். அடுத்து ஆப்ஜெக்ட் கோப்புக்கு வந்து, வர்க்கமூலம் எங்கே என்று அது கேட்கும்போது, திரும்பிப் போகாது. ‘அன்டிஃபைன்ட் ரெஃபரன்ஸ்’ என்று சொல்லி நின்றுவிடும். நிலை லைப்ரரிகளில் எப்போதும் இப்படித்தான். பகிர் லைப்ரரிகளில், தேவைப்படாததைக் கழற்றிவிடும் வழக்கம் இயல்பாக உள்ள இடங்களிலும் இதே கதை. உபுண்டு 2011-இல் தன் 11.10 பதிப்பில் அதை இயல்பாக்கியது. அதனால் ஒரே மேக்ஃபைல் ஒரு கணினியில் ஓடி, பக்கத்துக் கணினியில் தடுக்கி விழும். இதில் ஒரு குறும்பும் உண்டு. வர்க்கமூலத்துக்கு 2 என்று நேரடியாக எண் கொடுத்துச் சோதித்துப் பார்த்தால் பிழையே வராது. கம்பைலர் விடையைத் தானே கணக்கிட்டு எழுதிவிடுவதால் லைப்ரரியே தேவைப்படாது. பயனரிடம் எண்ணை வாங்கும்படி நிரலை மாற்றியதும் உடைந்துவிடும். ‘நேற்றுவரை ஓடியதே’ என்ற புலம்பலின் வேர் பல நேரம் இந்த மாதிரி இடத்தில் கிடக்கும்.

இனி இரண்டாவது கேள்வி. மேக்ஃபைலில் ஒருவர் சிஃப்ளாக்ஸ் என்று எழுதி, வேகமாக்கத்துக்கு ‘-ஓ2’, தலைப்புக் கோப்புத் தேட ‘-ஐ’, நிரலின் ஓர் அம்சத்தை இயக்கும் ‘-டி’ என மூன்றையும் அதற்குள் அடைக்கிறார். அவர் கணினியில் எல்லாம் சுகம். அந்த மென்பொருளை வாங்கிக் கட்டும் வேறொருவர், பிழை தேட வேண்டும் என்பதற்காக மேக் கட்டளையோடு சிஃப்ளாக்ஸுக்கு ‘-ஜி’ என்று மதிப்புக் கொடுக்கிறார். மேக்கின் விதிப்படி கட்டளை வரியில் கொடுத்த மதிப்பு, கோப்பில் எழுதியதை முற்றாக மூடிவிடும். கோப்புக்குள் ‘கூட்டிக்கொள்’ என்று எழுதியிருந்தாலும் அதுவும் செல்லாது. ‘-ஓ2’ போனால் பரவாயில்லை, வந்தவர் வேண்டியதும் அதைத்தான். ‘-ஐ’ போனால் கட்டவே முடியாது; அதுவும் ஒரு வகையில் நல்லது, உடனே தெரிந்துவிடும். ‘-டி’ போனால்தான் ஆபத்து. நிரல் கட்டி முடியும், ஓடும், ஆனால் அது வேறு நிரல். இதே மதிப்பைக் கட்டளை வரியில் கொடுக்காமல் சூழல் மாறியாகக் கொடுத்தால் கதை தலைகீழ்: கோப்பில் எழுதியது வெல்லும், வந்தவர் சொன்னது காற்றோடு போகும். ஒரே பெயர் மாறியை ஆசிரியரும் பயனரும் தமதென்று எண்ணிக்கொண்டால், யார் எந்த வாசல் வழியாக வந்தார் என்பதைப் பொறுத்து ஒருவர் சொல் மற்றவர் சொல்லை விழுங்கிவிடுகிறது.

ஜிஎன்யு நிரலாக்க நெறிகள் இதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே தீர்ப்புச் சொல்லிவிட்டன. சிஃப்ளாக்ஸ் பயனருடையது. சரியாகக் கட்டுவதற்கு இன்றியமையாத எதையும் ஆசிரியர் அதில் வைக்கக் கூடாது; அதற்குத் தனி மாறி வைத்துக்கொள்ள வேண்டும். மேக்ஃபைலை உருவாக்கித் தரும் ஆட்டோமேக் இந்த நெறியை இயந்திரமாகவே ஆக்கியது. ஆசிரியருக்கு ஏஎம் என்ற முன்னொட்டோடு தனி மாறிகள். கட்டளை வரியில் அவை முன்னால் போகும், பயனரின் மாறி பின்னால் வரும். ‘-ஓ’ போன்ற ஃப்ளாக்குகளில் கடைசியாகச் சொன்னவர் சொல்லே செல்லும் என்பதால், ஆசிரியர் ‘-ஓ2’ என்றிருந்தாலும் பயனரின் ‘-ஓ0’ வென்றுவிடும். நேர்த்தியான ஏற்பாடு. ஆனால் ‘-ஐ’ விஷயத்தில் இது திரும்பிக்கொள்கிறது. தேடும் அடைவுகளில் முதலில் கிடைத்த கோப்பே எடுக்கப்படும் என்பதால், முன்னால் நிற்கும் ஆசிரியரின் அடைவுதான் வெல்லும். அது சரியும்கூட: நிரல் தன்னுடைய தலைப்புக் கோப்பைத்தான் எடுக்க வேண்டும், பயனரின் கணினியில் அதே பெயரில் கிடக்கும் பழைய பதிப்பை அல்ல. சுவையின்பாற்பட்டதில் பயனர் சொல், சரியாக ஓடுவதன்பாற்பட்டதில் ஆசிரியர் சொல். வரிசை ஒன்றை வைத்தே இரண்டையும் சாதித்திருக்கிறார்கள்.

இதற்கு வரும் மறுப்புகளில் எளியது: ஜிசிசி எந்த மாறியிலிருந்து வந்த ஃப்ளாக் என்று பார்ப்பதில்லை, எல்லாம் ஒரே கட்டளை வரியில் போய் விழுகின்றன, ‘-டி’யைச் சிஃப்ளாக்ஸில் போட்டாலும் வேலை நடக்கிறது. நடக்கிறது, சி கோப்புகள் மட்டும் உள்ளவரை. 32 பிட் கணினியில் பெரிய கோப்புகளைக் கையாள, கோப்புக்குள் இடம் குறிக்கும் எண்ணை 4 பைட்டிலிருந்து 8 பைட்டாக்கும் மேக்ரோ ஒன்று உண்டு. ஃபைல் ஆஃப்செட் பிட்ஸ் 64 என்று பெயர். பாதி சி, பாதி சி பிளஸ் பிளஸ் என்றிருக்கும் மென்பொருளில் அதைச் சிஃப்ளாக்ஸில் வைத்தால், சி பிளஸ் பிளஸ் கோப்புகளுக்கு அந்தச் செய்தியே எட்டாது. இரண்டு பக்கமும் பகிரும் ஒரு தரவுக் கட்டமைப்பில் ஒருவர் 8 பைட் விட்டு எழுதுவார், மற்றவர் 4 பைட் என்று எண்ணிப் படிப்பார். அதற்கு அடுத்த உறுப்புகள் எல்லாம் இடம் பெயர்ந்து குப்பையாகும். லிங்கர் பெயர்களைத்தான் ஒப்பிடும், அளவுகளை ஒப்பிடாது. எனவே ஒரு முணுமுணுப்பும் எழாது. கட்டுவதற்கு முன் கணினியைச் சோதித்துப் பார்க்கும் ஆட்டோகான்ஃப் சில சோதனைகளில் பிரிபிராசசரைத் தனியாக ஓட்டிப் பார்க்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம். அப்போது சிபிபிஃப்ளாக்ஸ் மட்டுமே அதற்குப் போகும்.

கூர்மையான மறுப்பு இன்னொன்று இருக்கிறது, அதை மழுப்ப முடியாது. கட்டங்களுக்கிடையே உள்ள சுவர்களில் ஓட்டைகள் அதிகம். ஃபார்ட்டிஃபை சோர்ஸ் என்ற பாதுகாப்பு மேக்ரோவை எடுத்துக்கொள்ளுங்கள். நினைவகத்தில் வரம்பு மீறி எழுதக்கூடிய சில அழைப்புகளை, அளவு சரிபார்க்கும் அழைப்புகளாக மாற்றுவது அதன் வேலை. மேக்ரோ என்பதால் சிபிபிஃப்ளாக்ஸில்தான் இருக்கிறது. ஆனால் கம்பைலரின் வேகமாக்கம் இயங்கினால்தான் அதற்கு உயிர். ‘-ஓ0’ கொடுத்தால் செத்துவிடும், சி லைப்ரரியான ஜிலிப்சியும் அதை எச்சரிக்கையாகச் சொல்லும். முகவரிப் பிழைகளைக் கண்டுபிடிக்கும் சானிடைசர் ஃப்ளாக்கைக் கம்பைல் செய்யும்போதும் கொடுக்க வேண்டும், லிங்க் செய்யும்போதும் கொடுக்க வேண்டும். பல கோப்புகளை ஒன்றாகப் பார்த்து வேகமாக்கும் எல்டிஓவில் பாதிக் கம்பைலர் வேலையே லிங்கர் கட்டத்தில்தான் நடக்கிறது. எல்லாவற்றையும் விட விபரீதம் ‘ஃபாஸ்ட் மேத்’. மிதவைப் புள்ளிக் கணக்கில் கறார்த்தனத்தைத் தளர்த்தி வேகம் தரும் கம்பைலர் ஃப்ளாக் என்றுதான் எல்லோரும் எண்ணினார்கள். லிங்க் செய்யும்போதும் அது கொடுக்கப்பட்டால், மிகச் சிறிய எண்களைச் சுழியமாக்கிவிடும்படி புராசசரையே மாற்றியமைக்கும் சிறு துவக்க நிரல் ஒன்றை ஜிசிசி சேர்த்துவிடும். பகிர் லைப்ரரி ஒன்றை அப்படிக் கட்டினால், அந்த லைப்ரரியை ஏற்றிய பாவத்துக்கு, தொடர்பே இல்லாத இன்னொரு நிரல் பகுதியின் கணக்கும் மாறும். 2023-இல் வந்த ஜிசிசி 13 பதிப்பில்தான் பகிர் லைப்ரரிகளுக்கு அந்த வழக்கம் நிறுத்தப்பட்டது.

ஆக, கட்டம் பார்த்துப் பிரிப்பது முழுமையான பிரிவினை இல்லை. 1970-களின் கருவிகள் இருந்த ஒழுங்கைப் பார்த்து வைத்த பெயர்கள் அவை. இதை ஒப்புக்கொள்கிறேன். ஒப்புக்கொண்டாலும் என் வாதத்துக்குச் சேதமில்லை, ஏனென்றால் உரிமைக் கேள்வி அப்படியே நிற்கிறது. ஃபார்ட்டிஃபை சோர்ஸ் எந்தக் கட்டத்தைச் சேர்ந்தது என்று நாம் சண்டை போட்டுக்கொள்ளலாம். அதை முடிவு செய்ய வேண்டியவர் மென்பொருளை விநியோகிப்பவர் என்பதில் சண்டை இல்லை. டெபியன் இந்த மாதிரி ஃப்ளாக்குகளையெல்லாம் ஒரே கருவியிலிருந்து எல்லாத் தொகுப்புகளுக்கும் அனுப்புகிறது. ஜென்டூ லினக்ஸில் ஒவ்வொரு பயனரும் தன் கணினிக்கென்று சிஃப்ளாக்ஸை ஒரு கோப்பில் எழுதி வைத்து, எல்லா மென்பொருளையும் அதன்படி கட்டிக்கொள்கிறார். எல்டிஃப்ளாக்ஸை மதிக்காமல் கட்டப்பட்ட கோப்புகள் இருந்தால் அங்குள்ள கருவியே கண்டுபிடித்துக் குற்றப்பத்திரிகை வாசிக்கும். எண்ணற்ற ஆசிரியர்களின் நிரல்களை ஒருவர் ஒரே கொள்கையில் கட்ட முடிகிறது என்றால், அந்த ஆசிரியர்கள் ஐந்து பெயர்களைப் பொதுவழியாக விட்டுவைத்திருப்பதால்தான்.

பயனருக்கு இவ்வளவு அதிகாரம் எதற்கு, நிரலைப் பற்றி அதை எழுதியவருக்கே நன்றாகத் தெரியும் என்பார்கள் சிலர். லினக்ஸ் கெர்னலைச் சான்றாகக் காட்டுவார்கள். வலுவான சான்றுதான். 2009 ஜூலையில் கெர்னலின் 2.6.30 பதிப்பில், டன் என்ற வலையமைப்பு டிரைவரில் ஓர் ஓட்டை வெளிப்பட்டது. நிரலில் ஒரு சுட்டி வெறுமையா என்று சரிபார்க்கும் வரி இருந்தது. ஆனால் அதற்கு முந்தைய வரியிலேயே அந்தச் சுட்டி பயன்படுத்தப்பட்டிருந்தது. கம்பைலர் தர்க்கம் பேசியது: மேலே பயன்படுத்திவிட்டார்கள், எனவே அது வெறுமையாக இருக்க வழியில்லை, எனவே இந்தச் சரிபார்ப்பு வீண். சரிபார்ப்பை நீக்கிவிட்டது. மொழியின் விதிப்படி கம்பைலர் செய்ததில் குற்றமில்லை. கெர்னலிலோ சுழிய முகவரியில் நினைவகத்தை அமர்த்திக்கொள்ள வழி இருந்ததால், காவலாளி இல்லாத அந்த இடத்தின் வழியாக உள்ளே புகுந்து கணினியின் முழு அதிகாரத்தையும் பிடிக்க முடிந்தது. வரிசையைத் திருத்தியதோடு கெர்னல்காரர்கள் நிற்கவில்லை. வெறுமைச் சரிபார்ப்புகளை நீக்காதே என்று கம்பைலருக்குச் சொல்லும் ஃப்ளாக்கையும் கெர்னலின் மேக்ஃபைலில் நிரந்தரமாகச் சேர்த்தார்கள். யாரோ ஒருவர் சூழல் மாறியில் விட்டுவைத்த சிஃப்ளாக்ஸ் வந்து இதை அழிக்க விடலாமா? கூடாது. ஆனால் அதற்குக் கெர்னல் என்ன வழி செய்திருக்கிறது என்று பாருங்கள். தனக்கு இன்றியமையாத ஃப்ளாக்குகளைக் கேபில்ட் என்ற முன்னொட்டுள்ள தன் சொந்த மாறியில் வைத்துக்கொள்கிறது. பயனர் ஏதாவது கூடுதலாகச் சொல்ல விரும்பினால் கேசிஃப்ளாக்ஸ் என்று தனியாக ஒரு வாசல் திறந்து வைத்திருக்கிறது. பயனரின் உரிமையை மறுக்க அழைத்து வந்த சாட்சி, உரிமையைப் பிரித்துவைக்க வேண்டும் என்றே சொல்லிவிட்டுப் போகிறது.

எச்சரிக்கைகளை எல்லாம் பிழைகளாக்கும் ஃப்ளாக் இதே வழக்கின் சிறிய வடிவம். ஆசிரியர் தன் மேசையில் அதை வைத்துக்கொள்வது ஒழுக்கம். வெளியிடும் மேக்ஃபைலில் பூட்டிவைத்தால், இரண்டு ஆண்டு கழித்துப் புதிய ஜிசிசி புதிதாக ஓர் எச்சரிக்கை கற்றுக்கொண்டதும், ஒரு குறையும் இல்லாத நிரல் கட்ட முடியாமல் நின்றுபோகும்.

மேக்ஃபைல்களின் காலம் போய்விட்டது, சிமேக்கும் மெசானும் வந்துவிட்டன, இனி இந்தப் பழம்பெயர்கள் எதற்கு என்பது அடுத்த மறுப்பு. சிமேக்கைத் திறந்து பாருங்கள். வரையறைகளுக்கு ஒரு கட்டளை, தலைப்புக் கோப்பு அடைவுகளுக்கு ஒன்று, கம்பைலர் ஃப்ளாக்குகளுக்கு ஒன்று, லைப்ரரிகளுக்கு ஒன்று. அதே பங்கீடு, ஒவ்வொரு இலக்குக்கும் தனித்தனியாக; உண்மையிலேயே முன்னேற்றம்தான். ஆனால் பயனரின் வாசலில் அது ஒரு கதவை மூடிவிட்டது. சூழலில் உள்ள சிஃப்ளாக்ஸை முதன்முறை அமைக்கும்போது மட்டும் படித்து நினைவில் வைத்துக்கொள்ளும். பிறகு மாற்றினால் திரும்பிப் பார்க்காது. சிபிபிஃப்ளாக்ஸைப் படிப்பதே இல்லை. சிமேக்கில் கட்டும் தொகுப்புகளுக்குப் பாதுகாப்பு மேக்ரோக்கள் போய்ச் சேராமல் போனதைக் கண்ட டெபியன், தன் கருவிகளில் சிபிபிஃப்ளாக்ஸில் உள்ளதைச் சிஃப்ளாக்ஸின் வாலிலும் சிஎக்ஸ்எக்ஸ்ஃப்ளாக்ஸின் வாலிலும் ஒட்டி அனுப்பும் ஒட்டுவேலையைச் செய்ய வேண்டியதாயிற்று. ‘வெளியீடு’ வகையில் கட்டும்போது சிமேக் தன் பங்குக்கு ‘என்டீபக்’ என்ற மேக்ரோவையும் சேர்த்துவிடுகிறது. நிரலில் ‘அஸெர்ட்’ என்று எழுதிய சரிபார்ப்புகள் அனைத்தும் அதனால் மறைந்துவிடும். பாதுகாப்புச் சோதனையை அஸெர்ட்டில் எழுதிய ஆசிரியருக்கு, தன் நிரலின் எந்த வடிவம் பயனரிடம் போகிறது என்பதே தெரியாமல் போகலாம். கோ மொழியோ, சி நிரலோடு ஒட்ட வேண்டிய இடத்தில் சிகோ என்ற முன்னொட்டோடு சிஃப்ளாக்ஸ், சிபிபிஃப்ளாக்ஸ், எல்டிஃப்ளாக்ஸ் என்று பழைய பெயர்களையே வைத்துக்கொண்டது. கருவிகள் மாறலாம். கட்டுபவரும் எழுதுபவரும் வேறு வேறு ஆள்களாக இருக்கும்வரை இந்தப் பங்கீடு ஏதோ ஒரு பெயரில் திரும்பி வரும்.

மேக்ஃபைல் எழுதுபவர்கள் செய்ய வேண்டியது பெரிய வேலையும் இல்லை. நிரலுக்கு இன்றியமையாததை உங்கள் சொந்தப் பெயருள்ள மாறியில் வையுங்கள். சிஃப்ளாக்ஸுக்கு மதிப்பு ஏற்கெனவே இல்லாவிட்டால் மட்டும் இயல்பு மதிப்புக் கொடுங்கள். விதியை எழுதும்போது உங்கள் மாறியை முன்னாலும் பயனரின் மாறிகளைப் பின்னாலும் வையுங்கள், லைப்ரரிகளை எல்லாவற்றுக்கும் கடைசியில் வையுங்கள். எழுதி முடித்ததும் சின்ன எழுத்து ‘-என்’ ஃப்ளாக்கோடு மேக்கை ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். எதையும் கட்டாமல், ஓட்டப்போகும் கட்டளைகளை மட்டும் அது அச்சிட்டுக் காட்டும். சிபிபிஃப்ளாக்ஸில் நீங்கள் வேண்டுமென்றே போட்ட ஒரு பொய் மேக்ரோ ஒவ்வொரு கம்பைல் வரியிலும் வருகிறதா என்று பார்த்தால் போதும். ஒரு நிமிட வேலை.

டெபியனின் 2038 வேலையில் இந்த மாறிகள் ஒன்றையொன்று தாங்கிப் பிடித்த விதம் கவனிக்கத்தக்கது. நேரத்தை 64 பிட்டாக்கும் மேக்ரோ சிபிபிஃப்ளாக்ஸில் போனது. அது தலைப்புக் கோப்பின் வழியாக வேலை செய்கிறது: நிரல் பழைய பெயரில் அழைத்தாலும், அந்த அழைப்பை 64 பிட் செயற்கூறுக்குத் தலைப்புக் கோப்புதான் திருப்பிவிடும். தலைப்புக் கோப்பையே சேர்க்காமல் செயற்கூறை அழைக்கும் சோம்பல் நிரல்களை என்ன செய்வது? பழைய சி அதை அனுமதித்தது. அழைப்பு நேராக 32 பிட் செயற்கூறுக்குப் போய்விடும். எனவே அறிவிக்காத செயற்கூறை அழைத்தால் அதைப் பிழையாகக் கருது என்ற ஃப்ளாக்கைச் சிஃப்ளாக்ஸில் கூடவே அனுப்பினார்கள். பிரிபிராசசருக்குச் சொன்னது நிறைவேறுகிறதா என்று காவல் காக்கக் கம்பைலருக்கு ஒரு கட்டளை. மாறிய லைப்ரரிகளும் மாறாத நிரல்களும் தவறுதலாகக் கலந்துவிடாதபடி நூற்றுக்கணக்கான லைப்ரரித் தொகுப்புகளின் பெயர்களில் ‘டி64’ என்ற வால் சேர்க்கப்பட்டது. 2025 ஆகஸ்டில் வெளிவந்த டெபியன் 13 இந்த மாற்றத்தோடுதான் வந்தது. ஐ386 என்ற பழைய 32 பிட் இன்டெல் பதிப்பை மட்டும் மாற்றாமல் விட்டுவிட்டார்கள். அந்தப் பதிப்பு இன்று பெரும்பாலும் பயன்படுவது, எப்போதோ கட்டப்பட்டு மூலநிரல் கைக்கு எட்டாமல் போன பழைய நிரல்களை ஓட்டத்தான். அவற்றை மறுபடி கட்ட யாரும் இல்லை. ஃப்ளாக் எதுவும் அவற்றைத் தொட முடியாது.